மாமனார் சொன்ன கடைத்தெரு

மாட்டு வண்டி நின்றதும் செல்வராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள். வாங்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தாள். கோடித் துணி, சூடம், சாம்பிராணி, நல்லெண்ணெய், ஒரு மண்குடம். அவளுடைய மாமனார் அய்யாவு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆறு மைல் தள்ளி, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள்.

"வெரசா வா தங்கச்சி. பன்னண்டுக்குள்ள திரும்பலைன்னா ஒன் புருசன் என்னைத் தொலைச்சிருவான்," என்றான் வண்டிக்காரன் கனகராஜ்.

"இந்தா வந்துட்டேண்ணே."

சாவுச் சாமான் வாங்கப் பெண்பிள்ளையை அனுப்பும் வழக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. ஆனால் அவள் புருஷன் வேலு ஒரே மகன், கொள்ளி வைக்கிறவன், நகரக் கூடாது. மற்ற ஆண்களை ரப்பர் மரத்தில் பால் எடுத்து முடிக்காமல் கங்காணி விடமாட்டார். அப்படியும் ஒரு கிழவர் போகிறேன் என்று எழுந்தார். அதுவரை மாரடித்துக்கொண்டிருந்த மாமியார் கருப்பாயி அழுகையைப் பட்டென்று நிறுத்தி, "வேணாம், எம் மருமக போகட்டும்," என்றாள். பிறகு செல்வராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகிற சாக்கில் காதோரம் சொன்னாள்: "கண்ணால பாத்துட்டு வா. அந்த மனுசன் சொன்னது நெசமான்னு பாத்துட்டு வா."

விஷயம் இதுதான். அய்யாவு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மூவார் பட்டணத்துக்குப் போவார். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. சும்மா கடைத்தெருவைப் பார்ப்பதற்கென்றே வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு போவார். திரும்பி வந்து அடுத்த மாதம் வரை அதையே சொல்வார். அங்கே ஓடுகிற ரயிலில் இருந்து இறங்கி, வெற்றிலை வாங்கிக்கொண்டு, நடந்தே போய் மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஒரு சீனன் கடையில் பதினாலு கடிகாரம், ஒன்றுக்கொன்று ஆகாது, பத்து மணி அடிக்க ஆரம்பித்தால் அடித்து முடிக்கக் கால் மணி ஆகும். லயமே சிரிக்கும். கருப்பாயி மட்டும் சிரிக்க மாட்டாள். நாலைந்து தரம் கூப்பிட்டும் அவள் ஒரு முறைகூடப் போனதில்லை. "இல்லாத ஊருக்கு எதுக்கு வண்டி?" என்பாள்.

நேற்று ராத்திரி சோற்றில் கை வைத்தபடி அவர் சொன்னார்: "எம்புட்டு மழை கொட்டினாலும் சரி, அந்தத் தெருவில இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு தலை நனையாம நடந்துரலாம்."

"தெருவுக்கே கூரை போட்டிருக்கானாக்கும்? சாகுற வயசுல புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். சுவரைப் பார்த்துப் படுத்தவர் அதற்கப்புறம் பேசவில்லை. கருப்பாயியும் போனால் போகிறதென்று விட்டுவிட்டாள். காலையில் எழுப்பினால் உடம்பு சில்லிட்டிருந்தது. "சாகுற வயசுல" என்று சொன்ன வாயைக் கருப்பாயி விடிந்ததிலிருந்து தானே அறைந்துகொண்டிருந்தாள்.

தெரு முனையில் செல்வராணி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அழுது வீங்கிய கண்ணுக்கு இத்தனை வண்ணத்தை ஒரே சமயத்தில் காட்டுவது நியாயமில்லை. மாடிச் சுவரில் சுண்ணாம்பில் செய்த மயில்கள். சன்னல் கதவு ஒவ்வொன்றும் ஒரு பச்சை. தெருக்கோடியில் அகலமாக, பழுப்பாக, அவசரமே இல்லாத ஆறு. காப்பிக் கொட்டை வறுக்கிற வாசனை வேறு.

அப்போதுதான் மழை பிடித்தது. மூவார் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது; வாளியைக் கவிழ்த்தாற்போல் கொட்டும். பக்கத்துக் கடை வாசலுக்கு ஓடினாள். மாடி முன்னால் நீண்டு வந்திருக்க, அதன் கீழே ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை. அடுத்த கடைக்கு எட்டிப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். அதற்கடுத்த கடையும்.

அவள் நடக்க ஆரம்பித்தாள். அரிசி மூட்டை, செருப்புத் தைக்கிறவர், சவரத்துக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு உறங்குகிற ஒரு தடியர் என்று எல்லோரையும் தாண்டிக்கொண்டு நடந்தாள். ஒரு கை நீட்டும் தூரத்தில் மழை. தெரு முடிந்து ஆறு வந்ததும் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த முடி, காய்ந்த முந்தானை. சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் பிணமாகக் கிடக்கையில் இப்படிச் சிரிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் திரும்பி ஒரு தரம் நடந்தாள். பாதி வழியில் ஒரு கடையில் பத்து மணி அடித்தது. பிறகு இன்னொரு பத்து. மூன்றாவது பத்துக்கு அவள் நின்றேவிட்டாள்.

"சாமான் வாங்க வந்தியா, தேர் பாக்க வந்தியா?" கனகராஜ் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நனைந்தபடி கத்தினான்.

துணிக்கடை மரைக்காயர் தமிழ்க்காரர். கோடித் துணி என்றதும் குரலைத் தாழ்த்தி, "யாரும்மா மவுத்து?" என்று கேட்டார்.

"எம் மாமனாருங்க. அய்யாவுன்னு பேரு. மாசம் ஒருவாட்டி இங்க வருவாரு."

கிழித்துக்கொண்டிருந்த துணியை அவர் அப்படியே விட்டார். "நம்ம அய்யாவா? புலியை அடிச்சாங்களே, அந்தம்மாவோட வீட்டுக்காரரு?"

செல்வராணிக்கு ஒன்றும் புரியவில்லை. மரைக்காயரே விளக்கினார். தோட்டத்தில் பால் எடுக்கும்போது புலி வந்ததாம். ஆண்பிள்ளைகள் எல்லாம் மரத்தில் ஏறிக்கொள்ள, அய்யாவுடைய சம்சாரம் மட்டும் பால்வாளியால் அதன் மூக்கில் ஒன்று போட்டாளாம். அன்றைக்கு ஓடிய புலி இன்னும் ஜொகூர் எல்லைக்குள் வரவில்லையாம். "மாசா மாசம் அதைத்தான் சொல்வாரு. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் சலிக்கல. ஒரு நாளைக்கு அந்தம்மாவைக் கூட்டியாங்கன்னா, 'அவ வரமாட்டா மரைக்காரே, அவளுக்குத் தோட்டத்துக் காவலு இருக்கு'ம்பாரு."

கருப்பாயி பூரானைப் பார்த்தால் பாய்ந்து பெஞ்சில் ஏறி லயத்தையே கூட்டுகிறவள். செல்வராணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதற்குள் கடிகாரக் கடைச் சீனர் சங்கதி கேள்விப்பட்டு வந்துவிட்டார். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். போகும்போது மட்டும் தயங்கி, மரைக்காயரிடம் மலாயில் ஏதோ கேட்டார்.

"பெத்துலான்னு கேக்குறாரு. அந்தப் புலிக் கதை நெசந்தானான்னு," என்றார் மரைக்காயர். அவர் முகத்திலும் அதே கேள்வி இருந்தது.

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். மாமனாரை லயத்தில் பொய்யர் என்று சொன்னது போதும். இந்தத் தெருவிலும் அப்படி ஆக வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நெசந்தாங்க. நானே பாத்தேன். வாளி நசுங்கிப் போயி, கங்காணி வேற வாளி குடுத்தாரு," என்றாள்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. பாடை தயாராக இருந்தது. சங்கு ஊதுகிறவன் ஊதி ஓய்ந்து உட்கார்ந்திருந்தான். வேலு முறைத்தான், பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். செல்வராணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தலையை அவிழ்த்துவிட்டு, நேராகப் பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்தாள். கருப்பாயி அவளை வாரி அணைத்துக்கொண்டாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் தோளோடு தோள் கோத்து, தலையை முட்டிக்கொண்டு ஒப்பாரியை உயர்த்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் யார் என்ன பேசினாலும் வெளியே கேட்காது.

"மழை பேஞ்சுச்சே... நனைஞ்சியாடி?" கருப்பாயி கேட்டாள்.

"நனையல அத்தை. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். ஒரு சொட்டு படல. கடிகாரமும் அப்படித்தான். எல்லாம் நெசம்."

கருப்பாயி மாமியார் என்பதை மறந்து மருமகள் மேல் அப்படியே சாய்ந்தாள். "பாவி, புளுகுன்னேனே... சாகுற வயசுன்னேனே..." காலையிலிருந்து அழுததெல்லாம் ஊருக்காக, இப்போதுதான் அவள் கணவனுக்காக அழுதாள். செல்வராணி அவள் தலையைத் தாங்கிக்கொண்டாள். வாயைக் காதோடு வைத்தாள்.

"பொய்யும் சொல்லியிருக்காரு அத்தை. இங்க இல்ல. அங்க. உங்களைப் பத்தி."

"என்னைப் பத்தியா?"

"நீங்க பால்வாளியால புலியை அடிச்சீங்களாம். தெருவே உங்களுக்குப் பயப்படுது. நானும் ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஒப்பாரி இரண்டு சுற்று போயிற்று.

"எத்தனை புலி?"

"ஒண்ணு அத்தை."

"ஒண்ணுதானா?"

முதலில் அவள் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மருமகளின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். செல்வராணியாலும் தலையைத் தூக்க முடியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் விழாமல் பிடித்துக்கொண்டார்கள். சுற்றியிருந்த பெண்கள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு குரலை ஓங்கினார்கள். ஒருத்தி தண்ணீர் எடுத்துவர ஓடினாள்.

சங்கைத் தூக்கியவனைக் கையமர்த்திவிட்டு, அம்மா அழுது முடிக்கட்டும் என்று வேலு வாசலிலேயே காத்து நின்றான்.