கண்ணாடி அறைக்கு ஒரு தலைவர்

மேனேஜர் கீபோர்டைத் தொடமாட்டார். தொட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் அவருடைய கணக்கைப் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து, அவர் பெயரில் எல்லா உத்தரவையும் அவள்தான் அடிப்பாள். அந்த லாரி ஆபீஸில் பெரிய மனுஷன் என்றால் அப்படித்தான். விரல் நோகக் கூடாது.

எந்த லாரியில் எந்தச் சரக்கு ஏறவேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற புரோகிராமை எழுதியவளும் அவள்தான். அதற்கான படிப்பைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கே வந்திருந்தாள். ஆனால் பாத்ரூம் பக்கத்து மூலையில் உட்கார்ந்து எழுதியவரைக்கும் அதற்குப் பெயர் டைப் அடிக்கிற வேலை. பொம்பளைக்குத் தோதான வேலை என்றார்கள். கிளைகளெல்லாம் அதை நம்பி ஓட ஆரம்பித்ததும் அது டெக்னிக்கல் ஆகிவிட்டது. ஏசி வந்தது, கண்ணாடி அறை வந்தது. அறை வந்தால் தலைவர் வேண்டாமா? தலைவர் என்றால் மீசை வேண்டாமா?

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள், பைத்தியக்காரி. வீட்டில்கூடச் சொல்லிவைத்துவிட்டாள்.

"அடிம்மா," என்றார் மேனேஜர். அவருடைய மச்சினனைத் தலைவராகப் போடுகிற உத்தரவு. நேற்றுவரை டயர் விற்றுக்கொண்டிருந்த மச்சினன், ஏசி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"புரோகிராம எழுதினது நான் சார்."

"யாரும்மா இல்லேன்னா? நேரங்காலம் பாக்காத வேலை இது. குடும்பப் பொண்ணு, உனக்கெதுக்கு இந்தத் தலைவலி? நீ எப்பவும்போல செஞ்சு குடு, மாப்பிள்ளை மேல பாத்துக்குவார்."

மேலே பார்ப்பாராம். ஆந்தை மாதிரி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வயிறெரிய அடித்தாள், ஒரு பிழை இல்லாமல் அடித்தாள். கடைசியில் ஒப்புதலுக்காகத் திரை மறுபடி பாஸ்வேர்ட் கேட்டது. அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது உங்க கையெழுத்து மாதிரி சார். நீங்களே போட்டுருங்க."

மேனேஜர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் ரிமோட்டைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். "என்னம்மா அது, என் பாஸ்வேர்டு?"

"உங்க பாஸ்வேர்டு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள் நிதானமாக.

மோதிரம் போட்ட அவர் விரல், எங்கே உட்காருவது என்று தெரியாத ஈயைப்போல எழுத்துகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.