மாரியாயியின் நிழல்

பிப்ரவரி மாதம் மேற்கிலிருந்து கடல் தாண்டி மலாயாவின் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளுக்குச் சொந்த நிழல் கிடையாது. கடைசியாக யார் தோளில் உட்கார்ந்தனவோ அவர்களுடைய நிழலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் வரும். 1926இல் வந்த ஒன்று ரயில்வே கொட்டகைச் சுவரில் உட்கார்ந்தபோது, குடை பிடித்த கிழவர் ஒருவரின் நிழல் விழுந்தது. அது ஊரிலிருக்கும் தன் அப்பா என்று சிக்னல்காரர் கிரிகரி அடையாளம் கண்டு, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஏப்ரலில் காற்று திரும்பியதும் அவை வந்த வழியே போய்விடும். அதுவரை தோளில் உட்காரவிடாமல் துண்டை வீசி விரட்டினால் போதும், நம் நிழல் நம்மோடு இருக்கும்.

அதே தெருவில் கன்னையா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊருக்கு அனுப்பப் படம் எடுக்க வருகிறவனைக் காலி நாற்காலி ஒன்றின் பக்கத்தில் உட்காரவைப்பார். நாகப்பட்டினத்தில் அவன் பெண்டாட்டியும் அதேபோல ஒரு காலி நாற்காலியோடு படம் எடுத்து அனுப்புவாள். இரண்டையும் வெட்டி ஒட்டி ஜோடியாக்கிக் கொடுப்பார். இப்படி ஊரையெல்லாம் சேர்த்துவைத்த மனுஷன் தன் மனைவி மாரியாயியை ஒருமுறைகூடப் படம் எடுக்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா? அவள் கேட்கும்போதெல்லாம், வந்தவர்கள் போகட்டும், வெளிச்சம் சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டார். 1930இல் ரப்பர் விலை விழுந்து தோட்டம் மூடப்பட்டபோது, அங்கே வேலை செய்த அவளுடைய அம்மாவை ஊருக்கு அனுப்பினார்கள். கொண்டுபோய் விட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறிய மாரியாயி, அம்மா படுத்த படுக்கையாகிவிடவே அங்கேயே தங்கிவிட்டாள். மூன்றாம் வருஷம் ஒரு காலையில், அவள் எந்தக் கையை இடுப்பில் வைத்து நிற்பாள் என்பது கன்னையாவுக்கு மறந்துபோயிருந்தது. கடையைச் சாத்திவிட்டு அழுதார்.

அந்தப் பிப்ரவரியில் மாரியாயியின் ஊரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தங்கமணி என்ற பெண், கிள்ளான் துறைமுகத்திலிருந்து நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

“அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா அங்க நிழல் இல்லாம நடமாடுறாங்க. கேட்டா, மலாயாவுக்கு அனுப்பியிருக்கேன்னு சொல்றாங்க.”

கன்னையா கேமராவையும் முக்காலியையும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த நிழலையாவது கண்ணாடித் தகட்டில் பிடித்துவிட வேண்டும், இனி மறக்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் வேண்டுதல். பங்சார் ரப்பர்க் காட்டிலும் கிள்ளான் ஆற்றங்கரையிலும் ஏப்ரல் வரை பட்டாம்பூச்சியைத் தேடி அலைந்ததில் கிடைத்தது காலில் கொப்புளம்.

“அலையாதே லா, கன்னையா,” என்றார் கிரிகரி. “அது தேடி வந்தது உன்னைத்தானே? நீ ஒரு இடத்துல உட்காரு.”

மறுநாள் காலை பத்து மணிக்கு அது தானாகவே ஸ்டூடியோவுக்குள் வந்து காலி நாற்காலியின் முதுகில் உட்கார்ந்தது. பின்னால் வெள்ளைத் திரையில் மாரியாயி நின்றாள். இடது கை இடுப்பில். கன்னையா பழக்கதோஷத்தில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துத் தலைகீழாகத் தெரிந்தவளைப் பார்த்தார். பிறகு தகட்டைச் செருகி, லென்ஸ் மூடியைக் கழற்றி, “அசையாதீங்க” என்று வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லி எண்ணத் தொடங்கினார். நான்கு எண்ணுவதற்குள் நிழல் தலையசைத்தது. கையை இடுப்பிலிருந்து எடுத்து நாற்காலியைக் காட்டியது. மூடியைப் போடாமல் போனால் தகடு பாழாகும். கன்னையா ஒரு கணம் தயங்கினார். பிறகு மூடியைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பட்டாம்பூச்சி அவர் தோளுக்கு மாறியது. அவர் விரட்டவில்லை.

அது எழுந்து மேற்கே பறந்தபோது கன்னையாவின் நிழலை எடுத்துக்கொண்டு, கொண்டுவந்ததை அவர் காலடியில் விட்டுவிட்டுப் போனது. தகடு முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு கன்னையா இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றாலும், தரையில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நிற்பாள். தெருவில் வருகிறவர்கள் மிதித்துவிடாமல் விலகிப் போனார்கள். கிரிகரி குனிந்து, “வாங்க தங்கச்சி” என்பார்.

ஜூனில் மாரியாயியின் கடிதம் வந்தது. “இவ்விடம் நீங்கள் சுகம். அவ்விடம் நான் சுகமா?”

சுகம் என்று எழுதி அன்றைக்கே தபாலில் போட்டார்.