ஒன்பதாவது கிளிப்

தையல்காரிக்குக் கார் ஓட்டத் தெரியும். கார் எப்படி ஓடுகிறது என்பதுதான் தெரியாது. தெரியாமலே அப்பாவின் பழைய காரிலிருந்து என்ஜினை இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டாள். பாராட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவள் கணவனுக்கே புரியவில்லை.

அப்பா போனதிலிருந்து அந்தக் கார் அண்ணன் வீட்டு ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. "எடைக்குப் போட்டுடலாம் பாப்பா," என்றான் அண்ணன். நாற்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட இன்னும் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவன். அவள் மல்லுக்கு நின்றாள். கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான்.

"சரி, கொண்டுபோ. கோடை முடியறதுக்குள்ள ஓடிச்சுன்னா வண்டி உனக்கு. ஓடலைன்னா லாரியோட வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கக் கூடாது."

அன்று முதல் தையல் மெஷின் தூங்கியது. அவள் பின்கொட்டகையில் கிரீஸும் கையுமாக நின்றாள். கழற்றிய சாமான்களைப் பொத்தான் டப்பாக்களில் போட்டு, துணியில் கோடு போடும் சாக்பீஸால் மூடியில் பெயர் எழுதினாள். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்திவைத்தாள். பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கி, புது பிஸ்டன் போட்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

"சட்டைன்னா தப்பாயிட்டாப் பிரிச்சுத் தைக்கலாம். இது வெடிச்சுதுன்னா?" என்று கணவன் வம்புக்கு இழுத்தான்.

"வெடிக்காது. நீங்க போய் டீ போடுங்க."

என்ஜின் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் கொடுத்த கெடு முடிந்துவிட்டது; மறுநாள் அவன் வந்துவிடுவான். அன்று மதியம் டப்பாக்களைக் கழுவி எடுத்துவைக்கலாம் என்று ஒன்றைக் கவிழ்த்தாள். வெள்ளையாகப் பளபளத்தபடி ஒரு கிளிப் விழுந்தது.

அவள் அதைக் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிஸ்டனுக்குள் குறுக்கே ஒரு பின் போகும்; அது நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளிப் மாட்ட வேண்டும். நாலு பிஸ்டனுக்கு எட்டு. எட்டையும் மாட்டியிருந்தால் இது எப்படி மிஞ்சும்?

"என்னங்க, ஒண்ணு மிஞ்சிடுச்சு."

"மிஞ்சினா நல்லதுதானே?"

"மண்ணாங்கட்டி. உள்ள ஒரு இடத்துல மாட்டாம மூடிட்டேன். பின் நழுவி சிலிண்டரைக் கீறிடும். மறுபடி மொத்தமும் பிரிக்கணும்."

கணவன் தலையைச் சொறிந்தான். "உடனே கீறிடுமா?"

"இல்ல. கொஞ்ச நாள் ஓடும்."

"அப்போ நாளைக்கு ஓடும்ல? உங்க அண்ணன் பாத்துட்டுப் போகட்டும். அப்புறமாப் பிரிச்சுக்கலாம்."

அவளுக்கும் அந்த ஆசை வராமலில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அக்குளில் தையல் விட்டது தெரிந்தும் ஒரு சட்டையை மடித்துக் கொடுத்தவள் இல்லை அவள். அதுவும் இது அப்பாவின் வண்டி. போனால் போகட்டும், நாளைக்கு அண்ணன் காலில் விழுந்தாவது தவணை கேட்கலாம் என்று, என்ஜினைத் திறந்தால் மாற்றியாக வேண்டிய கேஸ்கெட்டைப் புதிதாக வாங்க உதிரிபாகக் கடைக்குக் கிளம்பினாள். கிளிப்பையும் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"போன மாசம்தானே கேஸ்கெட் வாங்கினீங்க?" என்றார் கடைக்காரர்.

அவள் நடந்ததைச் சொல்லிக் கையை விரித்தாள். அவர் கிளிப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எரிகிற வீட்டில் இவருக்கென்ன சிரிப்பு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, பிஸ்டன் பெட்டியில வந்த கிளிப் என்ன கலரு?"

"கறுப்பு."

"எட்டும்?"

"எட்டும்."

"இது வெள்ளை. நீங்கதான் ஒண்ணு கூடப் போடுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. எட்டுதாம்மா வேணும்னேன். தொலைஞ்சா என்ன பண்றதுன்னு என்னையே கேட்டீங்க. வேற செட்டுலேருந்து எடுத்துக் கொடுத்தேன். கடை வச்ச நாள்லேருந்து யாரும் அப்படிக் கேட்டதில்ல."

அவள் அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கேட்டிருப்பாள். பொத்தான் கடையில் எத்தனை வாங்கினாலும் ஒன்று கூடக் கேட்டு, அதைச் சட்டையின் உள்மடிப்பில் தைத்துக் கொடுப்பவளாயிற்றே. பழகிய வாய் இங்கேயும் தானாகக் கேட்டிருக்கிறது, மனசில்தான் பதியவில்லை. கறுப்பு எட்டும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. போன உயிர் திரும்பி வந்தது. அவரோடு சேர்ந்து அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் அண்ணன் சொன்னபடி லாரியோடு வந்து நின்றான். அவள் சாவியைத் திருகினாள். என்ஜின் இருமியது, நீலப்புகையைக் கக்கியது, அடங்கியது. மறுபடி திருகினாள். பிடித்துக்கொண்டது. புகை மெல்ல மெல்லக் குறைந்து சத்தம் சீரானது. கணவன் தன்னையறியாமல் கைதட்டினான்.

அண்ணன் காரின் முன்பக்கம் போனான். பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு லாரிக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, தன் சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு தேய்ந்த சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றி அவளிடம் நீட்டினான். இந்தக் காரின் இன்னொரு சாவி. எடைக்குப் போடலாம் என்றவன், அப்பா போன நாளிலிருந்து அதைத் தன் வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருந்திருக்கிறான்.

"எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே அண்ணா," என்றாள்.

"இருக்கட்டும் பாப்பா. ஒண்ணு கூட இருந்தா நல்லதுதானே."

அவள் இறங்கி வந்து அவன் கையை மூடி, சாவியை அவனிடமே விட்டாள்.

"அப்போ அது உங்கிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்துவிட்டாள்.