கோடு போட்ட கட்டம்

ரத்த வங்கியில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். இதுவரை ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. அந்தப் பெருமைதான் என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு உலை வைத்தது.

எங்கள் பதிவேட்டில் ஒரு ரத்தப் பைக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு இருபத்தொரு கட்டம். எழுத எதுவும் இல்லாத கட்டமென்றால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். காலியாக விட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அந்த எழுத்தை நம்பி யாரோ ஒரு நோயாளிக்குத் தப்பான ரத்தம் ஏறலாம். சுருக்கொப்பம் என்றால், 'நான் என் கண்ணால் பார்த்தேன், இது உண்மை, தப்பென்றால் என்னைக் கேள்' என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குக் 'கோடக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவதாக நினைப்பு. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

என் மகளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கொசு. பிறந்தபோது கையளவுதான் இருந்தாள், அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. வளர்ந்த பிறகும் பொருந்திப் போனது, காதருகிலேயே நின்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அவளை வேலை இடத்துக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டினேன். அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு ஒரே நினைப்பு, நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுத் தேர்வுப் பள்ளி. அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு மைக்ராஸ்கோப் உண்டு.

நூற்றிருபது இடம். நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். ஒரு வருடம் விடாமல் படித்தாள். என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். அவர் கொண்டுவந்து போடும் பெரிய அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, அவற்றின் உள்பக்கத்தில் கணக்குப் போடுவாள். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பின்னங்களும் சதவீதங்களும் கிடந்தன. தேர்வு எழுதிவிட்டு வந்தபோது, "கணக்கெல்லாம் தெரிஞ்சதும்மா, ஒண்ணே ஒண்ணுதான் சந்தேகம்" என்றாள். அந்த ஒன்றும் சரி என்று பிறகு தெரிந்தது.

தேர்வுக்கு முன் வந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். இவரிடம் கொடுத்தால் கிரீஸ் கையோடு தொடுவார். காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினேன். மூன்று பக்கம். எங்களுக்குப் பொருந்தாத கட்டங்கள் பதினொன்று இருந்தன. பதினொன்றிலும் அழகாகக் கோடு இழுத்துச் சுருக்கொப்பம் போட்டேன். அதில் ஒன்று பதினேழாம் கட்டம். 'தேர்வானாலும் இப்போதைய பள்ளியிலேயே தொடர விரும்பினால் இங்கே குறியிடவும்' என்று இருந்தது. நாங்கள் எதற்கு விரும்பப் போகிறோம்? போட்டேன் ஒரு கோடு.

கொசு என் முழங்கையில் சாய்ந்து நின்றாள். "அம்மா, கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு பாரு. பொருந்தாத கட்டத்துல எதுவுமே எழுதக் கூடாதாம்."

"ஃபாரம் நிரப்ப நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போய்த் தலைய சீவு."

போனாள். நானும் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டிவிட்டேன்.

பட்டியல் வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் கண்ணாடிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கொசு வாங்கியது தொண்ணூற்றொன்று. பட்டியலில் கடைசிப் பிள்ளை எண்பத்து நாலு. நூற்றிருபது எண்களையும் நான் மூன்று தரம் விரல் வைத்துப் படித்தேன். அவளுடைய எண் இல்லை. கொசு மட்டும், "மேலேர்ந்து தேடும்மா, நீ நடுவுலேர்ந்து தேடுற" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டு எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் கல்வி அலுவலகத்துக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. ஒருவர் தன் வீடு எல்லைக்கு வெளியே நாற்பது மீட்டரில் இருக்கிறது என்பதால் பையனுக்கு இடமில்லை என்று அளவு நாடாவோடு வந்திருந்தார். இன்னொரு அம்மாவின் மகள் வயது வரம்புக்கு இரண்டு நாள் முந்திப் பிறந்துவிட்டாளாம். "ரெண்டு நாள் பொறுத்துப் பெத்திருக்கலாம்ல, எனக்குத்தான் புத்தியில்ல" என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் எங்கள் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"நீங்களே வேண்டாம்னு குறி போட்டிருக்கீங்களேம்மா. பதினேழாம் கட்டம்."

"அது குறி இல்ல சார். கோடு. பொருந்தாதுன்னு அடிச்சிருக்கேன். பக்கத்துல என் கையெழுத்துகூட இருக்கு."

"மெஷின் கட்டத்துக்குள்ள மை இருக்கான்னுதாம்மா பார்க்கும். டிக்கு, கோடு, எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்."

"மெஷினுக்கு ஒண்ணு. உங்களுக்கு? தொண்ணூத்தொண்ணு வாங்கின புள்ள வேண்டாம்னு சொல்லுதேன்னு ஒரு மனுஷன்கூட எடுத்துப் பார்க்கலியா?"

"நாலாயிரம் ஃபாரம்மா."

"எங்க ரத்த வங்கியில நாலாயிரம் பை வந்தாலும் ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் பார்க்கணும். பார்க்கலன்னா ஆள் செத்துப் போவாங்க."

"இங்க யாரும் சாகலியேம்மா" என்றார் அவர்.

கிண்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் என் வயிற்றை எரித்தது. இந்த ஆளுக்கு ஒரு வருடம் என்றால் என்னவென்று தெரியுமா? அட்டைப்பெட்டிக் கணக்கு தெரியுமா? ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அந்தத் திரையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று தோன்றியது. இவர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ஜன்னல்காரர் திரையில் விண்ணப்பத்தின் கடைசி வரியை விரலால் காட்டினார். "இங்க தெளிவா போட்டிருக்கே. பொருந்தாத கட்டத்தில் எதுவும் எழுதக் கூடாது."

எறும்பு ஊர்ந்ததுபோல் அவ்வளவு சிறிய எழுத்து. அதைப் பார்த்ததும் முழங்கையில் சாய்ந்திருந்த பாரமும், கொசு சொன்ன வார்த்தைகளும் அப்படியே திரும்பி வந்தன. தலையைச் சீவப் போகச் சொன்னது உட்பட.

அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இன்னும் உரக்கக் கத்தினேன். இவ்வளவு பொடி எழுத்தில் போட்டால் யார் கண்ணுக்குத் தெரியும், யாராவது எடுத்துச் சொன்னீர்களா, ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எனக்காகச் சேர்ந்து கத்தினார்கள். அளவு நாடாக்காரர் மேசையைத் தட்டினார். கோபத்துக்கு அன்று நல்ல கூட்டம் சேர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவரைத் திட்டினேன். நீங்கள் ஒரு தரம் படித்துப் பார்த்திருக்கக் கூடாதா, வீட்டில் ஆம்பிளை என்று எதற்கு இருக்கிறீர்கள் என்றெல்லாம். பாவம், கிரீஸ் கையென்று அவரைத் தொடவிடாதது நான்தான்.

விடவில்லை. ஆறு தரம் அலுவலகத்துக்குப் படியேறி மேல்முறையீட்டுக்கு ஒரு தேதி வாங்கினேன். மேல்முறையீட்டுக்கென்றே ஐந்து இடங்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆறாவது தரம் போனபோது மூன்றாம் ஜன்னல்காரருக்கே மனசு இளகியதோ, என் தொல்லை தாங்கவில்லையோ, கம்பி ஓரமாக முகத்தைக் கொண்டுவந்து சொன்னார்.

"கேளுங்கம்மா. அந்தக் குறிப்பு தெரிஞ்சும் குறி போட்டிருந்தா அது உங்க முடிவு, கை வைக்க மாட்டாங்க. தெரியாம போட்டிருந்தா பிழை, திருத்திடுவாங்க. அத ஒண்ணத்தான் கேப்பாங்க. யோசிச்சுப் பதில் சொல்லுங்க."

வீட்டில் வந்து சொன்னேன். "அதான் நமக்குத் தெரியாதே. அவ்வளவுதானே?" என்றார் இவர்.

"ஆமா. அவ்வளவுதான்" என்றேன்.

கொசு மேசையில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் எதற்கு என்று குடைகிற பிள்ளை அன்று ஒன்றுமே கேட்கவில்லை.

விசாரணை அறைக்குள் நாங்கள் மூவரும் போனபோது மேசைக்கு அப்பால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மா. ஒரு பக்கம், யார் பேசினாலும் தலையாட்டுகிற பெரியவர். இன்னொரு பக்கம் குறிப்பெடுக்கும் பெண். கிடங்கிலிருந்து என் விண்ணப்பத்தையே எடுத்துவந்து மேசையில் வைத்திருந்தார்கள். கண்ணாடியம்மா அதைப் புரட்டினார். பதினொரு கோடு, பதினொரு சுருக்கொப்பம்.

"இப்படி ஒரு ஃபாரத்த நான் பார்த்ததே இல்ல" என்று சிரித்தார். "கோடுதான் இது. யார் பார்த்தாலும் தெரியும்."

"அப்ப இடத்தக் கொடுத்துடுங்க மேடம்" என்றேன்.

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா."

யார் பார்த்தாலும் தெரிகிறதாம், ஆனால் விதி இருக்கிறதாம். கண்ணெதிரே இருக்கும் உண்மை போதாது, அதற்கு மேல் நான் வேறெதையோ சொல்லிக் காட்ட வேண்டும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கீழ இருக்கற குறிப்பப் படிச்சீங்களா?"

"இல்ல." அது உண்மை. நான் படிக்கவில்லை.

"யாராவது படிச்சுச் சொன்னாங்களா?"

ஆமாம் என்றால் இடம் போயிற்று. இல்லை என்றால் இடம் கிடைக்கும். ஒரே ஒரு வார்த்தை.

நான் வாயைத் திறப்பதற்குள் கொசு எழுந்து நின்றாள்.

"அம்மா எழுதும்போது பக்கத்துல நான் மட்டும்தான் இருந்தேன். யாரும் எதுவும் சொல்லல."

கண்ணாடியம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள். பதினோரு வயது. அவர் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினார். "எழுதிக்கோங்க."

அந்தப் பெண் எழுதி, தாளை என் பக்கம் நகர்த்தினாள். "பாப்பா சின்னப் புள்ளங்கறதால, அவ சொன்னதுக்குக் கீழ நீங்க ஒரு சின்ன கையெழுத்து போடுங்க. அப்புறம் மிச்சப் பக்கம் காலியா இருக்கு பாருங்க, அங்க குறுக்க ஒரு கோடு போட்டுடுங்க. காலியா விடக் கூடாது."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! காலி இடத்தை அடிக்க வேண்டும் என்று இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இதைத்தானே நானும் செய்தேன், இதற்குத்தானே என் பிள்ளையை இங்கே நிறுத்திவைத்து இந்தப் பொய்யைச் சொல்ல வைத்தீர்கள் என்று அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. கோடு இழுத்தேன். கொசு சொன்ன வாக்கியத்துக்குக் கீழே என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தின் கீழ் நான் அதைப் போட்டதில்லை.

பத்து நிமிடத்தில் முடிவைச் சொன்னார்கள். இடம் கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. கொசுவைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்தார், அவள் வளர்ந்துவிட்டாள் என்பதே மறந்துபோயிற்று. டீ வாங்கி வருகிறேன் என்று ஓடினார். நடைபாதைப் பெஞ்சில் நானும் அவளும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இன்னும் உடம்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. மெஷின்மேல், விதிமேல், அந்தக் கயிற்றுக் கண்ணாடிமேல். என்மேல் வந்த கோபத்தை மட்டும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

அவள் தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ உண்மையச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேம்மா. நீ எப்பவும் உண்மைதானே சொல்லுவ. அதான் உனக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன்."

இவர் இரண்டு கையிலும் டீயோடு சிரித்துக்கொண்டே வந்தார். வாங்கிக்கொண்டேன். 'இல்லை' என்ற சொல் அன்று என் வாய்க்குள் தயாராக இருந்தது என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.