இரும்புச்சத்து மாத்திரை

"வெளிக்குக் கறுப்பா எத்தன நாளா போகுது?" என்று டாக்டர் கேட்டதும் அப்பா யோசிக்கவே இல்லை. "ரெண்டு நாளா சார். முந்தாநேத்துல இருந்துதான்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். செக்போஸ்டில் ஒரு சின்னப் பொய் சொல்லவே நாக்குக் குழறுகிறவர், இப்போது கண் இமைக்காமல் சொல்கிறார். யாருக்காக என்று அவளுக்குத் தெரியும்.

உண்மையில் நாலு மாதம். அதற்கும் முன்பிருந்தே முதுகுவலிக்கு வெறும் வயிற்றில் வலிமாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தார். முகம் வெளிறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன அம்மாவிடம், "வீட்லயே ஒருத்தியப் படிக்க வச்சிருக்கேன், எவன்கிட்டயோ போய் நிக்கணுமா?" என்றார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மருந்தியல் பட்டம். வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். ரத்தசோகை, பார்த்தாலே தெரிகிறதே. அந்த ரத்தம் எங்கே போகிறது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

மறுவாரம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பா சொன்னார். "வயித்துக்குள்ள எவனோ ரோடு போடுறான் போலம்மா. தார் மாதிரி பிசுபிசுன்னு போகுது. நாத்தம் தாங்கல."

அவள் சிரித்தாள். "இரும்பு மாத்திரை போட்டா கறுப்பாதான்ப்பா போகும். பயப்படாதீங்க."

அதோடு சரி. அவர் பயப்படவில்லை.

இரும்பினால் வரும் கறுப்பு வேறு. இரைப்பையில் கசியும் ரத்தம் அமிலத்தில் கருகி, அத்தனை நீளக் குடலையும் கடந்து, பிசினாக வெளியேறும் கறுப்பு வேறு. மூன்றாம் வருஷத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. இரண்டுக்கு இரண்டு வாங்கியிருந்தாள். தாளில் எழுதத் தெரிந்தது. பெற்ற அப்பன் எதிரில் நின்று வரிக்கு வரி அதையே சொன்னபோது இளிக்கத் தெரிந்தது. தூ.

"நாலு மாசம் சார்," என்றாள். "எங்கிட்ட அப்பவே சொன்னாரு. நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். "எட வேற எட்டு கிலோ கொறஞ்சிருக்கு. வெறும் புண்ணா, வேற ஏதாவதான்னு வாய் வழியா குழாய் விட்டுப் பாத்தாதான் சொல்ல முடியும்."

"உன்ன யாரு கேட்டா இப்ப?" என்று அப்பா அவளிடம் சீறினார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, சமாதானம் பேசுகிறவர் போல, "எம்பொண்ணு மருந்துப் படிப்பு படிச்சவ சார். எங்க வம்சத்துலயே மொதப் பட்டம். அவ மேல தப்பில்ல. எனக்குத்தான் சரியா சொல்லத் தெரியல."

அதற்கு அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். அவளுக்கு மூச்சாவது வந்திருக்கும்.

உள்ளே கொண்டுபோய் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தொண்டை மரத்துப்போவதற்கான மருந்துக் குப்பியோடு நர்ஸ் குனிந்து, "பெரியவரே, வாயத் தெறங்க," என்றாள். அப்பா திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, தலையை மட்டும் திருப்பி, கதவருகே நின்ற அவளைப் பார்த்தார். போடலாமா என்று கேட்கும் பார்வை.

"நேரமாகுது பெரியவரே."

அவள் தலையசைத்தாள்.

அப்பா வாயைத் திறந்தார்.