நான்கு புள்ளி இரண்டு வோல்ட்

1

ஒட்டுக்கேட்ட சண்டை ஒன்றிலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. போனைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் கடை நடத்தும் அக்கா, இந்தப் பக்கம் தங்கை, நடுவில் உப்பிப்போன ஒரு பேட்டரி. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

'மின்சாரம் ஒரு நதியைப் போல—'

இப்படித் தொடங்க வேண்டாம். தங்கை படித்தால் சிரிப்பாள்.

அவர்களின் அப்பாவுக்குத் தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரல் போய்விட்டது. கழுத்தில் வைத்துப் பேசும் சின்னக் கருவிதான் இப்போது அவர் வாய். அதற்குச் சார்ஜர் செய்தவள் அக்கா. சிப் இல்லாத அனலாக் சர்க்யூட், ஒரு திருகைத் திருப்பி வோல்ட்டை நிறுத்துவாள். தங்கை டிஜிட்டல் கட்சி. எண்ணத் தெரியாத சார்ஜரை நம்ப முடியாது என்பாள். எண்ணுவதெல்லாம் ஒருநாள் தப்பாக எண்ணும் என்பாள் அக்கா.

கருவியின் பேட்டரி உப்பியதும், சிப்பும் புரோகிராமும் வைத்துப் புதுச் சார்ஜர் செய்தாள் தங்கை. அக்கா மூன்று நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் புரோகிராம் பாதியில் நின்றுபோய், கருவியில் துளி சார்ஜ் இல்லை. டாக்டர் முன்னால் அப்பா வலிக்கிற இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை கருவியின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

3

(இங்கே அக்கா குத்திக்காட்ட வேண்டும். எழுதினேன், அவளுக்கு ஒட்டவில்லை. அடித்துவிட்டேன்.)

தங்கை அக்காவின் கடைக்கு வந்து பழைய சார்ஜரை அளந்தாள். நான்கு புள்ளி இரண்டு வோல்ட்டில் நிற்க வேண்டியது நான்கு புள்ளி மூன்றில் நின்றது. பேட்டரி உப்பியது அதனால்தான். திருகு சூட்டில் நகர்ந்திருக்கும் என்றாள், இந்த முறை சண்டைக்கில்லாமல்.

"நகரல. நான்தான் ஏத்தி வெச்சேன்," என்றாள் அக்கா. "ஒருநாள் பேசிட்டிருக்கும்போதே சார்ஜ் தீந்துபோச்சு. அப்பா வாயை மட்டும் அசைச்சிட்டிருந்தார். இன்னும் பத்து நிமிஷம் பேசட்டுமேன்னு..."

பேட்டரி கழுத்தருகே தீப்பிடித்திருக்கலாம். திட்ட வாயெடுத்த தங்கை திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தாள்.

"ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வாங்கியிருக்கலாமே அக்கா?"

"தோணவே இல்லடி."

இருவரும் சேர்ந்தே அடுத்ததைச் செய்தார்கள். வோல்ட்டைப் பிடிப்பது அக்காவின் சர்க்யூட். சூட்டையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வது தங்கையின் சிப். அது நின்றுபோனாலும் சர்க்யூட் தன் வேலையைச் செய்யும். திருகின் மேல் தங்கை பசை வைத்து ஒட்டினாள். அக்கா தடுக்கவில்லை.

4

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அப்பா நன்றி சொன்னார். இன்னொன்றில் இருவரையும் திட்டினார். இரண்டிலும் அவர் குரல் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவர் கருவியைக் கழுத்தில் வைத்தார், பெண்கள் இருவரும் கைவேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். குறைத்து மட்டும் எழுதாதீர்கள். மனுஷர் ரொம்ப நாளாகச் சுருக்கிச் சுருக்கித்தான் பேசிவருகிறார்.