ஜன்னல் வழியே வீசிய பை

மறைமலைநகரில் கம்பெனி பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையை வீசி சீட் பிடிப்பது எங்கள் வழக்கம். மகாபலிபுரம் சுற்றுலாவிலும் என் அண்ணன் பெஞ்சமின் அதைத்தான் செய்தான். நிறுத்தத்தில் நின்ற வெள்ளை பஸ்ஸுக்குள் பையை எறிந்துவிட்டு இளநீர் குடிக்கப் போனான். அது எங்கள் பஸ் இல்லை. வடநாட்டுப் பயணிகளுடையது.

யாருடையது என்று தெரியாத பையைப் பார்த்ததும் அவர்கள் அலறி இறங்கினார்கள். போலீஸ் வந்து திறந்தது. டிபன் பாக்ஸ், துண்டு, வீட்டு ஃபேனுக்கு அண்ணன் வாங்கிய ஒயர். பை தன்னுடையது என்று ஓடிவந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தீவிரவாதி என்றே அந்தப் பயணிகளின் கைடு புகார் எழுதினார். அடுத்த மாதம் அண்ணனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். கேஸ் விழுந்தால் அது போய்விடும்.

"இவனா தீவிரவாதி? கரப்பான்பூச்சிய பாத்தா கட்டில் மேல ஏறுறவன்" என்றாள் எங்களோடு வந்த எல்லம்மாள் அக்கா. குண்டு வைக்கிறவனுக்குத்தான் அந்தப் பெயர் என்று ஒருவர் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் விடுதலை கேட்டவர்களையும் அப்படித்தான் சொன்னார்கள் என்றார் எங்கள் டிரைவர் சதாசிவம். பிரான்சில் ஒரு அரசாங்கமே ஜனங்களை அச்சுறுத்தி ஆண்டபோதுதான் டெரரிஸ்ட் என்ற சொல்லே பிறந்தது என்று பள்ளியில் படித்தது எனக்கு நினைவு வந்தது. யார் செய்தாலும் சரி, அதற்கு அடையாளம் ஒன்றுதான் என்று பட்டது.

சதாசிவத்திடம் பஸ்ஸை எடுத்து வரச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் விஜயகுமாரியிடம் போனேன். தெரியாதவர்களிடம் நான் பேசுவதே இல்லை. அன்று பேசினேன்.

"மேடம், அவங்க பயந்தது நெசம். ஆனா ஜனங்கள பயமுறுத்தி ஒரு காரியம் சாதிக்கணும்னு செஞ்சாதான் அந்தப் பேரு. இவனுக்கு வேண்டியது ஜன்னல் சீட்டு."

"ஊரான் பஸ்ல எவனாவது பையை வீசுவானா?"

"எங்க பஸ்சுன்னு நெனச்சுட்டான். எங்க ஆளுங்கள கொஞ்சம் பாருங்க."

எங்கள் பஸ் நிறுத்தத்துக்குள் திரும்பியது. அதுவரை வாதாடிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் மறந்து ஓடினார்கள். எல்லம்மாள் அக்காவின் கூடை முதலில் ஜன்னலுக்குள் பறந்தது. பின்னாலேயே துண்டு, குடை, முறுக்குப் பொட்டலம். கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புகாரை கைடிடம் நீட்டினார்.

"அந்தப் பேர அடிங்க. மீதி இன்னா கீதுன்னு பாக்கலாம்."

மீதி எதுவும் இல்லை. அண்ணன் எங்கள் பஸ்ஸுக்கு உடனே வரவில்லை. அந்த வடநாட்டுக் கூட்டத்தில் ஒரு பாட்டி இன்னும் பயம் தெளியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் கைகட்டி நின்றான். நாங்கள் காத்திருந்தோம்.